ஸ்லவன்லி: ஒரு அழுக்குச் சொல்லின் கதை

ஆங்கிலத்தில் ‘ஸ்லவன்லி’ என்று ஒரு சொல் இருக்கிறது. எஸ், எல், ஓ, வி, ஈ, என், எல், ஒய் என்று எழுத்துக்கூட்ட வேண்டும். அகராதியைப் புரட்டினால் அழுக்கான, ஒழுங்கற்ற, அக்கறையில்லாத என்று மூன்று நான்கு பொருள் போட்டிருக்கும். ஆனால் இவை தனித்தனி அர்த்தங்கள் அல்ல, எல்லாம் சேர்ந்த ஒன்றுதான் ஸ்லவன்லி. வயலில் வேலை செய்துவிட்டு சேறோடு வருகிறவரை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தண்ணீர் பக்கத்திலேயே இருக்க, சட்டை மடிப்பு கலைந்து, பொத்தான் ஒன்று மேலும் ஒன்று கீழுமாக மாட்டி, ‘இருக்கட்டும், என்ன இப்போ’ என்று திரிகிறவர்தான் ஸ்லவன்லி. அழுக்கு பாதி, அலட்சியம் மீதி. தமிழில் ஒரே சொல்லில் இதைப் பிடிப்பது கஷ்டம். ‘அழுக்கு மூட்டை’ என்றால் அலட்சியம் விட்டுப்போகிறது, ‘சோம்பேறி’ என்றால் அழுக்கு விட்டுப்போகிறது.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். இந்தச் சொல்லைப் பார்த்தவுடன் பலருக்கும் ஸ்லோவேனியா நாடு ஞாபகம் வரும். 1991 ஜூன் 25 அன்று யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்து சுதந்திரம் அறிவித்த அதே சின்ன நாடுதான். அந்த ஊர்க்காரர்கள் அழுக்கானவர்கள் என்று நினைத்து ஆங்கிலேயர் வைத்த பெயரோ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை, இரண்டுக்கும் எழுத்து ஒற்றுமையைத் தவிர எந்த உறவும் கிடையாது. ஆனால் ஸ்லாவ் மக்களின் பெயரிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வேறொரு சொல் இருக்கிறது: ‘ஸ்லேவ்’, அதாவது அடிமை. இடைக்கால ஐரோப்பாவில் ஸ்லாவ் மக்களை அவ்வளவு பேர் பிடித்து விற்றார்கள். அந்த இனத்தின் பெயரே லத்தீனில் அடிமைக்குப் பெயராகி, அங்கிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பாவம், அவர்களுக்கு அந்த ஒரு சொல்லே போதும்.

சரி, ஸ்லவன்லி எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்துக்கு முதலில் வந்தது ‘ஸ்லவன்’ என்ற பெயர்ச்சொல். 15ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுத்தில் தலைகாட்டுகிறது. அப்போது அதற்குப் பொருள் அழுக்கு இல்லை, ‘கீழ்த்தரமான ஆள்’, ‘போக்கிரி’ என்பது மாதிரி ஒரு வசவு. அடுத்த நூற்றாண்டில்தான் உடை விஷயத்தில் அக்கறை இல்லாதவன் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்தது. வந்த வழி டச்சு, ஃபிளெமிஷ் மொழிகளின் பக்கம். அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்கும் ஃபிளாண்டர்ஸுக்கும் நடுவே கம்பளி வியாபாரம் ஓஹோ என்று நடந்தது. இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்த வில்லியம் காக்ஸ்டன்கூட ப்ரூஜ் நகரத்தில் பல வருடம் இருந்த வியாபாரிதான். அவர் 1481இல் அச்சிட்ட ‘ரெய்னார்ட்’ என்ற நரிக்கதை டச்சிலிருந்து மொழிபெயர்த்தது. ‘ஸ்கிப்பர்’, ‘டெக்’ போன்ற கப்பல் சொற்களும் அந்தப் பக்கத்துச் சரக்குதான். மூட்டையோடு மூட்டையாக ஒரு வசவும் வந்திருக்கிறது.

டச்சு மொழியில் ‘ஸ்லோஃப்’ என்று ஒரு சொல் இன்றைக்கும் உண்டு. கவனமில்லாத என்றும் பொருள், வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் செருப்பு என்றும் பொருள். ‘ஸ்லோஃபன்’ என்றால் காலைத் தேய்த்துக்கொண்டு நடப்பது. நம் ஊரில் பெரியவர்கள் “ஏன்டா செருப்பைத் தேய்ச்சுக்கிட்டு நடக்கிற” என்று திட்டுவார்களே, அதேதான். இந்தச் செருப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு ஒரு பெரிய மனிதரின் காலில் அது வரப்போகிறது.

இன்னொரு வேடிக்கை. ஆங்கிலத்தில் ‘ஸ்ல’ என்று ஆரம்பிக்கும் சொற்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். ஸ்லைம், ஸ்லஷ், ஸ்லஜ், ஸ்லாப், ஸ்லக், ஸ்லவுச், ஸ்லிப். சளி, சேறு, கசடு, சிந்தல், நத்தை மாதிரி ஒரு பூச்சி, கூன் போட்டு நிற்பது, வழுக்குவது. எல்லாம் ஒரே வேரிலிருந்து வந்தவை அல்ல. ஆனாலும் அந்த ஒலிக்கே ஈரமும் அழுக்கும் சோம்பலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. தமிழில் சொதசொத, கொழகொழ, வழவழ என்கிறோமே, அது மாதிரி. புதிதாக ஒரு சொல் அந்த ஒலியோடு வந்தால் காது உடனே அதை அழுக்குப் பக்கம் தள்ளிவிடுகிறது. போக்கிரியாக இருந்த ஸ்லவன் அழுக்கனாக மாறியதில் இந்த ஒலிக்கும் பங்கு இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அழுக்குக்கு ஆங்கிலத்தில் ஸ்லவனுக்கு முன்பே ஒரு சொல் இருந்தது. அது ‘ஸ்லட்’. இன்றைக்கு இந்தச் சொல்லைக் கேட்டால் முகம் சுளிப்போம், ஒரு பெண்ணின் நடத்தையைக் குறித்த மோசமான வசவு அது. ஆனால் 1400 வாக்கில் அது எழுத்தில் வரும்போது பொருள் வெறும் அழுக்கான, வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளாத பெண். அதைவிட ஆச்சரியம், அதன் உரிச்சொல்லான ‘ஸ்லட்டிஷ்’ கொஞ்சம் முன்னதாகவே சாஸரிடம் வருகிறது. யாரைக் குறித்துத் தெரியுமா? ஓர் ஆணை!

கேன்டர்பரி கதைகளில் யாத்திரிகர் கூட்டத்தோடு நடுவழியில் ஒரு பாதிரியாரும் அவருடைய வேலையாளும் வந்து சேர்ந்துகொள்வார்கள். வேலையாள் தன் எஜமானரைப் பற்றிப் பெருமை அடிப்பான். கேன்டர்பரி வரைக்கும் உள்ள சாலை முழுவதையும் எங்கள் ஐயா வெள்ளியும் தங்கமுமாகப் பாவிவிடுவார் என்பான். கூட்டத்தை நடத்திவரும் சத்திரக்காரருக்குச் சந்தேகம் வரும். அவ்வளவு சக்தி உள்ளவர் ஏன் இப்படி அழுக்கும் கிழிசலுமாக ஒரு மேலங்கியைப் போட்டிருக்கிறார், நல்ல துணி வாங்கக் கூடாதா என்று கேட்பார். அங்கேதான் அந்தச் சொல் வருகிறது. விஷயம் என்னவென்றால் அந்தப் பாதிரியார் ஒரு ரசவாதி. ஈயத்தைத் தங்கமாக்கப் போய் கையில் இருந்ததையெல்லாம் புகையாக்கியவர். அதாவது ஆங்கில இலக்கியத்தில் ‘ஸ்லட்டிஷ்’ என்று பெயர் வாங்கிய ஆரம்பகால ஆள், ஆராய்ச்சியில் காசைத் தொலைத்த ஓர் ஆண்பிள்ளை.

அதற்குப் பிறகு ஸ்லவன் வந்து சேர்ந்ததும் வேலைப் பங்கீடு நடந்துவிட்டது. ஆண் அழுக்கன் ஸ்லவன், பெண் அழுக்கி ஸ்லட். ஷேக்ஸ்பியர் காலத்தில் இரண்டும் நன்றாகப் புழக்கத்தில் இருந்தன. ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் (1598இல் அச்சானது) ஹாட்ஸ்பர் ஒரு காட்சியை விவரிப்பான். போர் முடிந்து களைத்து நிற்கும்போது வாசனைப் பொடியும் கையுமாக ஒரு அரண்மனைப் பிரபு வருகிறான். செத்த வீரர்களைச் சிப்பாய்கள் தூக்கிப்போகிறார்கள். அந்தப் பிரபுவோ, அலங்கோலமான பிணத்தைத் தன் பக்கமாகக் காற்றடிக்கும் திசையில் எடுத்துப்போகிறார்களே என்று சிப்பாய்களைத் திட்டுகிறான். பிணத்துக்கு அங்கே போட்ட அடைமொழி ஸ்லவன்லி. செத்தவன்கூட ஒழுங்காக உடுத்திக்கொண்டு வர வேண்டும் என்று எதிர்பார்க்கிற ஆள்! யார் யாரைப் பார்த்து இந்தச் சொல்லைச் சொல்கிறார்கள் என்பதுதான் இதில் முக்கியம் என்று எனக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

பெண்கள் பக்கம் ‘மெர்ரி வைவ்ஸ் ஆஃப் வின்ஸர்’ நாடகத்தில் தேவதை வேடம் போட்டவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கப்படுகிறது. எந்த வீட்டில் அடுப்படி பெருக்காமல் கிடக்கிறதோ அந்த வீட்டு வேலைக்காரப் பெண்ணை உடம்பு நீலம் பாய்கிற அளவுக்குக் கிள்ள வேண்டும். தேவதைகளின் ராணிக்கு ஸ்லட்களைப் பிடிக்காதாம். வீட்டு எஜமானரைக் கிள்ளச் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும் :-)

ஆனால் அந்தச் சொல் எப்போதும் கடுமையாகவும் இருந்ததில்லை. சாமுவேல் பீப்ஸ் 1664 பிப்ரவரியில் தன் நாட்குறிப்பில், வீட்டில் வேலை செய்யும் சூசன் என்ற சிறுமியை ஸ்லட் என்று எழுதி, மற்ற இருவரையும்விட அதிகம் வேலை செய்கிறாள், சம்பளத்துக்குத் தகுதியானவள் என்று பாராட்டுகிறார். ‘குட்டிக் கழுதை’ என்று செல்லமாகச் சொல்வது மாதிரி.

இப்போது அந்தச் செருப்புக்கு வருவோம்.

ஆங்கிலத்துக்கு முக்கியமான அகராதி எழுதிய டாக்டர் சாமுவேல் ஜான்சன் (1709–1784) இந்த இரண்டு சொற்களுக்கும் 1755இல் பொருள் எழுதினார். ஸ்லவன் என்றால் சுத்தத்தைக் கவனிக்காத, அழுக்காக உடுத்திய ஆண். ஸ்லட் என்றால் அழுக்கான பெண், அது பெண்ணை லேசாக இகழும் சொல் என்றும் சேர்த்திருக்கிறார். ஸ்லவனுக்கு மூலம் டச்சு என்றும் குறித்திருக்கிறார். இதில் ரசமான விஷயம் என்னவென்றால், அன்றைய லண்டனில் ஸ்லவனுக்கு உதாரணம் காட்டு என்று கேட்டால் பாதிப் பேர் கைகாட்டியிருக்கக்கூடியவர் இந்த ஜான்சன்தான்.

1763 மே 24 அன்று ஜேம்ஸ் பாஸ்வெல் முதல் தடவையாக அவர் அறைக்குப் போகிறார். பிற்காலத்தில் ஜான்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் அவர்தான். அவர் பார்த்தது: சாயம் போன பழுப்பு உடுப்பு, தலைக்குப் பற்றாத பொடி போடாத சுருங்கிப்போன விக், கழுத்திலும் முழங்காலிலும் தொளதொளவென்று தொங்கும் துணி, காலுறைகள் இறங்கிக் கிடக்கின்றன. காலில் பக்கிள் மாட்டாத ஷூ, செருப்பு மாதிரி மாட்டியிருக்கிறார். டச்சுக்காரன் பார்த்தால் ‘ஸ்லோஃப்’ என்று சொல்லியிருப்பான். ஆனால் ஜான்சன் பேச ஆரம்பித்ததும் இதெல்லாம் மறந்துபோய்விட்டது என்கிறார் பாஸ்வெல்.

விக் விஷயம் இன்னும் வேடிக்கை. ஜான்சனுக்குக் கண் பார்வை குறைவு. மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படிப்பார், விக்கின் முன்பக்கம் பொசுங்கிப்போகும். ஸ்ட்ரெதமில் த்ரேல் குடும்பத்தார் வீட்டில் அவர் தங்கும்போது, சாப்பாட்டு அறை வாசலில் வேலையாள் நல்ல விக்கோடு தயாராக நின்று மாற்றிவிடுவாராம்.

இந்த மனிதர் சோம்பேறியா? அவரே தன்னை அப்படித்தான் சொல்லிக்கொண்டார். தனக்காக எழுதிய பிரார்த்தனைகளில் வருடா வருடம் சோம்பலை விடுகிறேன், சீக்கிரம் எழுந்திருக்கிறேன் என்று சபதம் செய்கிறார். 1758 முதல் 1760 வரை எழுதிய கட்டுரைத் தொடருக்கு வைத்த பெயரே ‘ஐட்லர்’, சும்மா இருப்பவன். ஆனால் அதே சோம்பேறிதான் ஆறு உதவியாளர்களை வைத்துக்கொண்டு, நாற்பதாயிரத்துக்கும் அதிகமான சொற்களுக்குப் பொருள் எழுதி முடித்தவர்.

அவருடைய அழுக்குக்குப் பின்னால் இருந்தது வறுமை. 1728இல் ஆக்ஸ்ஃபோர்டில் பெம்ப்ரோக் கல்லூரியில் சேர்ந்தார். ஷூ கிழிந்து கால் வெளியே தெரிந்தது. பக்கத்துக் கல்லூரி மாணவர்கள் அதைக் கவனிக்கிறார்கள் என்று தெரிந்ததும் அங்கே போவதையே நிறுத்தினார். யாரோ இரக்கப்பட்டு அவர் அறை வாசலில் ஒரு ஜோடி புது ஷூ வைத்துவிட்டுப் போக, கோபத்தில் அதை வீசியெறிந்தார். ஒரு வருடம் சொச்சத்தில் காசில்லாமல் பட்டம் வாங்காமலே ஊர் திரும்பினார். கல்லூரியில் படிக்கும் யாருக்கும் இந்த இடத்தைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. வெளியே இருந்து பார்த்தவனுக்கு அவர் ஸ்லவன், உள்ளே இருந்தது வேறு.

அவருடைய நண்பர் கிறிஸ்டோபர் ஸ்மார்ட் என்ற கவிஞரைப் பைத்தியம் என்று அடைத்து வைத்திருந்தார்கள். தெருவில் முழங்காலிட்டு ஜெபம் செய்கிறார் என்பது ஒரு குற்றச்சாட்டு. சுத்தமான துணியில் விருப்பமில்லை என்பது இன்னொன்று. ஜான்சன் அதைக் கேட்டு, எனக்கும்தான் அதில் ஆசை கிடையாது என்றார். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் துணி அழுக்கு என்பதை ஒருவரை அடைத்து வைக்க ஒரு காரணமாகச் சொல்ல முடிந்திருக்கிறது பாருங்கள்.

அதே நூற்றாண்டின் இறுதியில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி உடையைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். தெய்வ பக்திக்கு அடுத்தபடி சுத்தம் என்று ஊரெல்லாம் சொல்கிற பழமொழி பிரபலமானதில் அந்தப் பிரசங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அதற்குச் சற்று முன்புதான், ஸ்லவன்லியாக இருப்பது மதத்தின் ஒரு பகுதி அல்ல என்றும் சொல்கிறார். ஆடம்பரம் வேண்டாம் என்று சொன்னால் சிலர் அழுக்காக வந்துவிடுவார்களோ என்ற பயம் போலிருக்கிறது! இதற்குப் பிறகு ஸ்லவன்லி என்பது வெறும் ரசனைக் குறைவாக இல்லாமல் கிட்டத்தட்ட பாவம் ஆகிவிடுகிறது.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். ஏழைகள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று உபதேசம் நடந்த அதே காலத்தில் பிரிட்டனில் சோப்புக்கு வரி இருந்தது. 1712இல் போட்ட வரி 1853இல் கிளாட்ஸ்டன் நிதியமைச்சராக இருந்தபோதுதான் ஒழிந்தது. 141 வருடம்! துவைக்கிற பொருளுக்கு வரி போட்டுவிட்டு, துவைக்காதவனைப் பார்த்து ஸ்லவன் என்பது.

இதற்கு நடுவில் லிவர்பூலில் கிட்டி வில்கின்ஸன் என்ற பெண்மணி இருந்தார். அயர்லாந்தில் பிறந்து சிறுவயதில் வந்தவர், ஏழைத் தொழிலாளி. 1832இல் காலரா வந்தபோது அந்தத் தெருவிலேயே துணி கொதிக்கவைக்கும் கொப்பரை வைத்திருந்தவர் அவர்தான். அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களை அழைத்து, வாரத்துக்கு ஒரு பென்னி வாங்கிக்கொண்டு, நோயாளிகளின் துணியையும் படுக்கையையும் தன் வீட்டிலேயே துவைத்துக்கொள்ளவிட்டார். அந்த யோசனையை ஊரார் பிடித்துக்கொண்டு, 1842இல் லிவர்பூல் ஃபிரெடெரிக் தெருவில் பொதுக் குளியல் அறையும் சலவைக்கூடமும் திறந்தார்கள். 1846இல் நாடு முழுக்க இப்படிக் கட்டலாம் என்று சட்டமே வந்தது. 2012இல் லிவர்பூல் செயின்ட் ஜார்ஜ் மண்டபத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதற்கு முன் அங்கே இருந்த சிலைகள் எல்லாம் ஆண்களுடையவை. வெந்நீரும் இடமும் கிடைத்ததும் அந்த ஜனங்கள் வரிசையில் நின்று துவைத்தார்கள். சோம்பல் எங்கே போயிற்று?

மீதிக் கதை சோகமானது. ஜோடியாகத் திரிந்த இரண்டு சொற்களில் ஸ்லவன் வயதாகித் தேய்ந்துபோனது. இன்று ஸ்லவன் என்று யாரும் சண்டையில் திட்டுவதில்லை, ஸ்லவன்லி என்ற உரிச்சொல் மட்டும் பள்ளி மதிப்பீட்டிலும் புத்தக விமர்சனத்திலும் மிச்சமிருக்கிறது. ஆனால் ஸ்லட் என்பதில் ஆரம்பத்திலிருந்தே ஓரமாக ஒட்டியிருந்த ‘நடத்தை சரியில்லாதவள்’ என்ற பொருள் மெல்ல மெல்லப் பெரிதாகி, அழுக்கு என்ற மூலப்பொருளையே விழுங்கிவிட்டது. ஆண் அழுக்காக இருந்தால் அது அவன் சட்டையோடு நின்றது, பெண் அழுக்காக இருந்தால் அது அவள் ஒழுக்கம் வரை போனது.

பழைய பொருளைக் கடைசியாகக் காப்பாற்றப் பார்த்தவர்களில் கேத்தரின் வைட்ஹார்ன் என்ற பத்திரிகையாளர் ஒருவர். 1963இல் ‘அப்சர்வர்’ இதழில் ஒரு பத்தி எழுதினார். அழுக்குத் துணிக் கூடையில் போட்டதை, இப்போது போட்டிருப்பதைவிட இது பரவாயில்லை என்று திரும்ப எடுத்து உடுத்தியதுண்டா? உண்டு என்றால் நீங்களும் எங்கள் கூட்டம்தான் என்று தன்னையும் சேர்த்து ஸ்லட் என்று அழைத்துக்கொண்டார். விடுதியில் தங்கிப் படிக்கிற எத்தனை ஆண்பிள்ளைகள் இந்தப் பரீட்சையில் தேறுவார்கள் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லப்போவதில்லை :-)

2011 ஜனவரியில் கனடாவின் டொரான்டோவில் யார்க் பல்கலைக்கழக மாணவர்களிடம் பாதுகாப்பு பற்றிப் பேச வந்த ஒரு போலீஸ்காரர், பாலியல் தாக்குதலுக்கு ஆளாகாமல் இருக்க வேண்டுமானால் பெண்கள் ஸ்லட் மாதிரி உடுத்தக் கூடாது என்றார். பிறகு மன்னிப்புக் கேட்டார், ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. ஏப்ரல் 3 அன்று ஆயிரக்கணக்கானோர் அதே சொல்லைப் பெயராக வைத்து ஊர்வலம் போனார்கள். பல நாடுகளுக்குப் பரவி, அந்த ஜூலை 31 அன்று டெல்லிக்கும் வந்தது. இங்கே பலருக்கு அந்த ஆங்கிலச் சொல்லே தெரியாது என்பதால் ‘பேஷர்மி மோர்ச்சா’, வெட்கமற்றவர்களின் ஊர்வலம், என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். கவனித்தீர்களா, மொழிபெயர்க்கும்போது அழுக்கு சுத்தமாகக் காணாமல் போய்விட்டது.

2013 செப்டம்பரில் பிரிட்டனின் யூகிப் கட்சியைச் சேர்ந்த காட்ஃப்ரி ப்ளூம் ஒரு கூட்டத்தில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் துடைப்பதில்லை என்ற பேச்சு வந்தபோது அங்கிருந்த பெண்களைப் பார்த்து இந்தச் சொல்லை வேடிக்கையாகச் சொன்னார். பழைய பொருளில்தான் சொன்னேன் என்றார். அகராதிப்படி அவர் சொன்னது சரிதான். ஆனால் அதே அகராதிப்படி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் துடைக்காத ஆணுக்கும் ஒரு சொல் இருக்கிறது, அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அன்றைக்கே கட்சி அவர் மீது நடவடிக்கை எடுத்தது.

கடைசியாக ஒரு உதிரித் தகவல். ஸ்லவன் விட்டுப்போன இடத்தை இன்றைக்குப் பெரும்பாலும் நிரப்புவது ‘ஸ்லாப்’ என்ற சொல், சோபாவில் சாய்ந்து சிப்ஸ் தூளைச் சட்டையில் கொட்டிக்கொள்பவன். இது அயர்லாந்திலிருந்து வந்தது, ஐரிஷ் மொழியில் சேற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து. அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் ஊருக்குப் பக்கத்தில் 19ஆம் நூற்றாண்டில் கடலை அணைகட்டித் தடுத்து மீட்ட தாழ்நிலங்களுக்கு இன்றும் ஸ்லாப்ஸ் என்றுதான் பெயர். அங்கே ஒரு பறவைகள் சரணாலயம் இருக்கிறது. ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் கிரீன்லாந்திலிருந்து வெள்ளை நெற்றி வாத்துகள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து இறங்குகின்றன.